பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வீடு கட்டுகிற எவரும் சிமெண்ட் மூட்டையைப் பார்க்காமல் இறக்கிக்கொள்வதில்லை. எங்கள் ரெட்டிபாளையம் பக்கம் இந்தப் பழக்கம் இன்னும் கூடுதல். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம், பக்கத்திலேயே ஆலை, வி.கைகாட்டி சாலையில் இரவு பகலாக லாரி. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத கொத்தனார்கூட மூட்டையில் அச்சிட்டிருக்கும் வார எண்ணையும் வருடத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இது மூணு மாசத்துச் சரக்குங்க, வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதே கொத்தனார் சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு, பேரனுக்கு ஒரு தின்பண்டப் பாக்கெட் வாங்கிப் போவார். அதில் யார் செய்தது, எப்போது செய்தது, என்ன போட்டுச் செய்தது என்று பார்ப்பதில்லை. நிறம் பளிச்சென்று இருக்கிறதா, விலை கைக்கு அடக்கமா, அவ்வளவுதான். சுவருக்குப் பார்க்கிற பார்வையை வயிற்றுக்குப் பார்க்க மறந்துவிட்டோம்.

உழைக்கிற வயது முழுவதையும் சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கழித்தவன் நான். மூட்டையின் மேல் '53 கிரேடு' என்று அச்சடிப்பது எளிது. அந்த எண்ணுக்குப் பின்னால் நடக்கிற வேலைதான் பெரிது. ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் குழைத்து, ஏழு சென்டிமீட்டர் அளவுக் கட்டிகளாக வார்ப்போம். மணலையும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. எண்ணூரிலிருந்து வரும் தர மணலைத்தான் இந்தியா முழுக்க ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துகின்றன. வார்த்த கட்டியைத் தண்ணீரில் போட்டுவைத்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். கடைசி நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். தாங்கினால்தான் அந்த எண் உண்மை. நான் சேர்ந்த புதிதில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கட்டி எதுல உடையுதோ அத எழுது. மேல இருக்கறவரு கேட்டாலும் சரி, கீழ இருக்கறவரு கெஞ்சினாலும் சரி, அதத்தான் எழுதணும்." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு மளிகைக்கடைத் திண்ணையில் உட்காரும்போதெல்லாம் என் கை தானாகப் பாக்கெட்டைத் திருப்புகிறது. நாற்பது ஐம்பது வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "என்னங்க பெரியவரே தேடறீங்க?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிமெண்ட் குறைபட்டால் சுவரில் விரிசல் விடும், ஊரே பார்க்கும். உணவில் உள்ள குறை அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடம்புக்குள் போய் மெதுவாக வேலை செய்யும். பத்து வருடம் கழித்து ஈரலோ சிறுநீரகமோ கெட்டால், எந்தக் கடையில் எந்தப் பாக்கெட் காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உணவுக்குச் சோதனை முன்னாலேயே நடந்தாக வேண்டும்.

நம் பகுதிக்கு இது புதிய சங்கதியும் இல்லை. சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1954-இல் வந்தது. 'ஃபுட் இன்ஸ்பெக்டர் வர்றாரு' என்று கடைத்தெருவில் கதவைச் சாத்திய காலம் அது. இப்போது நடப்பில் இருப்பது 2006-இல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே வட்டாரங்களில் உணவு பாதுகாப்பு அலுவலர்கள். தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கம் தஞ்சாவூர்தான்.

மாதிரி எடுக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் பலர் அதைப் பிடுங்கிப் போவதாகவே நினைக்கிறார்கள். அலுவலர் கடையில் பொருளை எடுத்தால் அதற்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்காக எடுக்கிறேன் என்று எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். எடுத்த மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைத்து, சீல் வைத்து, கடைக்காரரின் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பாகங்கள் நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது பாகம்தான் முக்கியம். கடைக்காரர் கேட்டால், அதை அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அது சரியில்லை என்று கடைக்காரர் நினைத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது நியமன அலுவலரிடம் உள்ள பாகம் மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வரும் முடிவே கடைசி.

இந்த முறையை எழுதியவர்கள் வேலை தெரிந்தவர்கள். ஒரே பொருள், நான்கு பாகம், நான்கு சீல். யாரும் யாரையும் வெறும் வாயால் குற்றம் சாட்ட முடியாது. வெறும் வாயால் தப்பிக்கவும் முடியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க ஒவ்வொரு நாள் மாதிரியிலும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருப்போம். அந்த ஒதுக்கின பங்கு இருக்கிறது என்ற நினைப்பே எல்லோரையும் ஒழுங்காக எழுத வைத்தது. கடைக்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நான்காம் பாகத்தை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் அதிகாரி பழிவாங்கிவிட்டார் என்று புலம்பாதீர்கள். மொத்த வியாபாரியிடம் பில் வாங்கி வையுங்கள். உரிய கவனத்தோடு வாங்கினேன் என்று காட்ட முடிந்தவருக்குச் சட்டமே தற்காப்பு கொடுக்கிறது. துண்டுச்சீட்டில் கணக்கு எழுதி வாங்கியவருக்கு அது கிடைக்காது.

முறை சரியாக இருந்தாலும் காலம் தாழ்ந்தால் நியாயம் யாருக்கும் உதவாது. உத்தரப் பிரதேசத்தில் 1995-இல் ஒரு பால்காரரிடம் மாதிரி எடுத்தார்கள். பாலில் கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 7.7 இருந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2019-இல். தரம் என்று ஒன்று எழுதிய பிறகு, சிறு குறை என்றாலும் குறைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியே. ஆனால் இருபத்துநான்கு வருடம்! அந்தப் பாலைக் குடித்த குழந்தை வளர்ந்து கல்யாணம்கூட முடித்திருக்கும். புதிய சட்டத்தில் தரக்குறைவு, லேபிள் தவறு போன்றவற்றை நீதிமன்றத்துக்கு இழுக்காமல், மாவட்ட அளவில் வருவாய்த்துறை அதிகாரியே விசாரித்து அபராதம் விதிக்கலாம். லேபிள் தவறுக்கு 3 லட்சம் ரூபாய் வரை, தரக்குறைவுக்கு 5 லட்சம் வரை. உடம்புக்குக் கேடான, பாதுகாப்பற்ற உணவு என்றால் குற்ற வழக்கு. ஒருவர் இறந்துபோனால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். இந்தப் பாகுபாட்டை நான் வரவேற்கிறேன். விஷத்தையும் எழுத்துப் பிழையையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

சோதனை நன்றாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பிப்ரவரியில் நாம் எல்லோரும் பார்த்த பஞ்சுமிட்டாய் விவகாரம் இருக்கிறது. முதலில் புதுச்சேரியில் பிடித்தார்கள். பிறகு சென்னையில் கடற்கரையில் விற்ற பஞ்சுமிட்டாயை எடுத்துக் கிண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது உறுதியானது. அது துணிக்கும் தோலுக்கும் போடுகிற சாயம்; உணவில் துளியும் கூடாது. பிப்ரவரி 17-ஆம் தேதி தமிழ்நாட்டில் அந்த மிட்டாய்க்குத் தடை வந்தது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனுக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் அந்தச் சாயத்தைத் தடுத்தது. எங்கள் ஊர்த் திருவிழாக்களில் எத்தனை வருடம் பிள்ளைகள் நாக்குச் சிவக்க அதைத் தின்றிருப்பார்கள்! விற்றவரும் கெட்டவர் கிடையாது. பொட்டலம் விலை மலிவாகக் கிடைத்தது, வாங்கினார், கலந்தார். அந்தப் பொட்டலத்தில் என்ன சாயம் என்று எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் மொத்தமே எட்டு. அவற்றையும் சொன்ன பண்டத்தில் சொன்ன அளவில்தான் சேர்க்க வேண்டும். இதை அந்த மிட்டாய் விற்றவரிடம் உட்கார்ந்து சொன்னவர் யார்? தடை போடுவதோடு கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லாதவன். 2025 கோடையில் சென்னையில் உணவு பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவர் தர்பூசணியில் நிறம் ஏற்றுவது பற்றி விளக்கிய காணொளி ஊரெல்லாம் பரவியது. எல்லாப் பழத்தையும் சொல்லவில்லை என்ற விளக்கம் பின்னால் வந்தது. அதற்குள் சனங்கள் தர்பூசணி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வயலில் காய் பழுத்துக் கிடக்க, கேட்பார் இல்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் அந்தக் குரல் எழுந்தது. அந்த அலுவலர் இடம் மாற்றப்பட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லை சனங்கள் ஆய்வு அறிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கடன் வாங்கி விதை போட்டவன் அதன் விலையைக் கொடுக்கிறான். எத்தனை மாதிரி எடுத்தோம், எங்கே எடுத்தோம், எத்தனையில் சாயம் இருந்தது என்ற எண்ணைச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தால் நல்ல விவசாயி தப்பிப்பான், கெட்ட வியாபாரி மாட்டுவான். எண் இல்லாமல் பேசினால் இரண்டும் தலைகீழாகிவிடும்.

பெரிய நிறுவனத்தின் விஷயத்திலும் இதே கதைதான் நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி என்ற மாவட்டத்தில் 2014-இல் ஒரு உள்ளூர் உணவு அலுவலர், கடையில் இருந்த மேகி நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். 'அஜினோமோட்டோ சேர்க்கப்படவில்லை' என்ற பொருளில் எழுதியிருந்தது. உண்மைதானா என்று பார்க்க மாதிரி எடுத்து அனுப்பினார். கோரக்பூர் ஆய்வகம் அந்த உப்பு இருப்பதாகச் சொன்னது. மேல்முறையீட்டில் கொல்கத்தா ஆய்வகத்துக்குப் போனபோது ஈயமும் அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை வந்தது. 2015 ஜூன் 5-ஆம் தேதி நாடு முழுக்கத் தடை. ஆகஸ்ட் 13-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நிறுவனத்தின் பக்கத்தைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பதே காரணம். அங்கீகாரம் உள்ள மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்ததில் ஈயம் அளவுக்குள்தான் இருந்தது. நவம்பரில் அது கடைக்குத் திரும்பியது. ஆனால் அட்டையின் மேல் இருந்த அந்த 'சேர்க்கப்படவில்லை' வாசகத்தை எடுத்துவிடுவதாக நிறுவனமே சொல்லிவிட்டது. ஒரு சின்ன மாவட்டத்தில் ஒரு அலுவலர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்ததால் நடந்த மாற்றம் அது. அவர் படித்ததைப் போற்றுகிறேன். அவருக்கு மேலே இருந்தவர்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று வருந்துகிறேன்.

நம் கடைக்கு வருவோம். எங்கள் பகுதியில் கடலையும் எள்ளும் நிறைய விளையும். செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. சொந்தக் கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டி எண்ணெய் வாங்கிய வீடுகளில் இன்று பாக்கெட் எண்ணெய்தான் வருகிறது. முன்பக்கத்தில் தோலுரித்த கடலையைக் குவியலாகப் படம் போட்டிருப்பார்கள். பின்பக்கம் திருப்பினால் சிறிய எழுத்தில் இரண்டு எண்ணெய் கலந்தது என்று இருக்கும். கலப்பது குற்றமில்லை. எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று அட்டையில் சொல்லிவிட்டுக் கலக்கச் சட்டம் அனுமதிக்கிறது; சேர்க்கிற ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நாம் கடலை எண்ணெய்க்குக் கொடுக்கிற விலையைக் கொடுத்து பாமாயிலைத் தூக்கிக்கொண்டு வருகிறோம், படத்தைப் பார்த்து. அதேபோல 'தீப எண்ணெய்' என்று எழுதியதை மலிவு என்று வாங்கிப் பலகாரம் சுடுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அது விளக்குக்கு மட்டும். அதைச் சாப்பிடும் எண்ணெய்க்கான சோதனைக்கே யாரும் அனுப்புவதில்லை.

திருப்பிப் பார்ப்பவருக்கு அந்தப் பின்பக்கம் நிறையச் சொல்லும். சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமாக உள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. பிள்ளைக்கு வலு சேர்க்கும் மாவு என்று வாங்கும் டப்பாவில் முதல் பெயர் சர்க்கரையாக இருந்தால், நீங்கள் வாங்குவது சர்க்கரைதான். 14 இலக்க எண் ஒன்று இருக்கும். மாநில அரசு கொடுத்த எண்ணில் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவுச் சான்று. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு, கொடுத்த வருடம். பேரப்பிள்ளையின் செல்போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் யாருடையது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வேறொருவர் எண்ணை அச்சடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். தயாரித்த தேதியும் எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அழியாமல் இருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசல் கடைகளில், வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மெழுகுவர்த்தித் தீயில் வாயை ஒட்டி, ஒரு எழுத்துகூட இல்லாமல் தொங்கும் பாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஊர் பேர் இல்லாத பாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் படிக்கத் தெரிந்தவருக்குத்தான். அட்டையில் இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ அச்சிட வேண்டும் என்பதே விதி. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காமலும் விடலாம். அதாவது ரெட்டிபாளையத்தில் தயாராகி ரெட்டிபாளையத்திலேயே விற்கிற பாக்கெட்டில் ஒரு தமிழ் எழுத்து இல்லாவிட்டாலும் அது குற்றமாகாது. இதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2023 மார்ச்சில் தயிர் உறையின் மேல் 'தஹி' என்று போட வேண்டும் என உணவுத் தர ஆணையம் சொன்னபோது, ஆவின் மறுத்தது, முதலமைச்சரும் எதிர்த்தார். அந்த மாதம் 30-ஆம் தேதியே ஆணையம் இறங்கி வந்து 'கர்ட்' என்பதோடு அந்தந்த வட்டார மொழிப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்றது. ஒரு பெயருக்காக அத்தனை வேகமாக எழுந்தோம். தயிரைத் தயிர் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது பின்பக்கத்துப் பட்டியல். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய்க்கு, 'இதில் நிலக்கடலை உண்டு' என்று தமிழில் சொல்லும் ஒரு வரி எத்தனை பெரிய காவல்! அந்த வரிக்காகவும் நாம் அதே வேகத்தில் எழ வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண், மகளிர் குழுவில் கடன் வாங்கி மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் அரைத்து விற்கிறாள். நல்ல உழைப்பாளி. அட்டை அச்சடிக்க அரியலூருக்குப் போகும் முன் என்னிடம் காட்ட வந்தாள். '100 சதவீதம் தூய்மையானது, கலப்படமற்றது' என்று பெரிதாகப் போட்டிருந்தது.

"இத எப்படிம்மா காட்டுவ?" என்று கேட்டேன்.

"நான்தானே பெரியப்பா அரைக்கிறேன், எனக்குத் தெரியாதா? எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"நீ அரைக்கற, சரி. மஞ்சள் எங்க வாங்கின?"

"ஈரோட்டு மண்டியிலேர்ந்து வருது. கடைக்காரரு கொடுக்கறாரு."

"அவரு அதுக்கு மேல சாயம் தேய்ச்சிருந்தா உனக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மஞ்சளுக்கு மினுமினுப்பு ஏற்ற ஈயக் குரோமேட்டைத் தேய்ப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயத்தைப் பிரான்ஸ் 2003-இல் கண்டுபிடித்தபோது அது நம் நாட்டிலிருந்து போன சரக்கு. அதன்பிறகு ஐரோப்பா முழுக்க நம் மிளகாயைச் சந்தேகத்தோடு பார்த்தது. யாரோ சிலர் செய்ததற்கு எல்லா மிளகாய் விவசாயியும் தலைகுனிய வேண்டியதாயிற்று. அவளிடம் இதைச் சொல்லி, தூள் வாங்காதே, முழு மஞ்சளாகவே வாங்கு, ஒவ்வொரு தடவையும் பில் வாங்கு, வருடத்துக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பார் என்றேன். '100 சதவீதம்' என்ற சொல்லை அட்டையில் போட வேண்டாம் என்று 2025-இல் ஆணையமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அவள் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, அரைத்த தேதி, எடை, தன் பெயர், ஊர், பதிவு எண் எல்லாவற்றையும் தமிழிலும் போட்டாள். அவள் பதிவு செய்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். ஒரு கிலோ மிளகாய்த்தூள் விலையைவிடக் குறைவு. பயந்துகொண்டு பதிவு செய்யாமல் இருக்கிற பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெருமை பேசும் வாசகம் இல்லாமலே அவள் தூள் விற்கிறது.

சாலையோரக் கடைகளைப் பற்றி இரண்டு சொல். பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துத் தருவது 2019 ஜூலை முதல் விதிப்படி தடுக்கப்பட்டது. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. வாழையிலைத் துண்டுக்கு நம் பக்கம் பஞ்சமா? பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அதில் உருவாகும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. அதைக் கையடக்கக் கருவி ஒன்றை எண்ணெயில் விட்டே பார்த்துவிடலாம். பயன்படுத்திய எண்ணெயை விலைக்கு வாங்கி பயோடீசல் ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டவும் வேண்டாம், மறுபடி சுடவும் வேண்டாம்.

வீட்டில் நாமே பார்க்கக்கூடியவையும் உண்டு. ஈரமான வடிதாளில் டீத்தூளைத் தூவினால் சாயம் ஏற்றியதாக இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பரவும். தண்ணீரில் போட்ட மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். தேங்காய் எண்ணெயைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உறையும், வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனியே நிற்கும். ஆனால் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு உடனே கடைக்காரர் மேல் பாயக்கூடாது, செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பவும் கூடாது. இதெல்லாம் சந்தேகத்தைக் காட்டும். முடிவை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். தர்பூசணி விவசாயிக்கு நடந்தது நம் ஊர் மளிகைக்கடைக்காரருக்கும் நடக்க வேண்டாம்.

சந்தேகம் வலுவாக இருந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டையும் மீதிப் பண்டத்தையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகாது. காத்திருக்க மனமில்லாதவருக்குச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இன்னொரு வழி திறந்திருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் யார் வேண்டுமானாலும் பொருளைக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டிய பணம் திரும்ப வரும். இந்த உரிமை இருப்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை.

ஊராகச் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலை, தண்ணீர், தெருவிளக்கு பற்றி அங்கே கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இன்னும் இரண்டு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நடமாடும் உணவுப் பரிசோதனை வாகனம் நம் ஊருக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் வர வேண்டும். சோதித்ததில் எத்தனை மாதிரி தேறியது, எத்தனை தேறவில்லை என்ற எண்ணை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள்.